கொய்யாப்பழத்தில் ஒரு சிவப்புக் கோடு

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் வாங்கி வந்த கொய்யாப்பழத்தை நறுக்காமல் அப்படியே கடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த மகள், "அம்மா, பழத்துல ரத்தம்" என்றாள். பார்த்தேன். வெள்ளைச் சதையில், பல் பதிந்த இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். வலிக்கவில்லை. அதுதான் அந்த ஆறேழு மாதமும் என்னை ஏமாற்றியது.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். காலண்டர் படங்களுக்கு மெஷினில் ஓடுவதற்கு முன்னால் கலர் சரிபார்ப்பது என் வேலை. முருகன் கன்னத்தில் மெஜந்தா கொஞ்சம் தூக்கலாக விழுந்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும், தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். சிவப்பைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் போன ஆடியிலிருந்தே காலையில் வாஷ்பேசினில் துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. தினமும் பார்த்தேன், தண்ணீரைத் திறந்துவிட்டுப் போய்விட்டேன்.

காலண்டர் சீசன் ஆடிப்பெருக்கு அன்று மாதிரிக் காலண்டர்கள் அடங்கிய புது ஆல்பம் வந்ததும் தொடங்கும், மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நேரத்தில் ஈறில் ரத்தம் என்று யார் லீவு கேட்பார்கள்? நானாகவே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். முதலில், பிரஷ் முரடாக இருக்கிறது என்று நினைத்துப் புது பிரஷ் மாற்றினேன். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் திரும்பவும் வந்தது. பிறகு, ரத்தம் வரும் இடம் புண்ணாகியிருக்கும், தொட வேண்டாம் என்று இடது பக்கக் கீழ்வரிசையைத் தேய்க்காமல் விட்டேன். இப்போது யோசித்தால், செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். அப்புறம் உப்பும் கிராம்புத்தூளும். புரட்டாசியில் ஒரு நாள் ஈறு கொஞ்சம் வீங்கியது, மெடிக்கல் கடையில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டேன். வீக்கம் வடிந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதே தப்பை இதே வரிசையில் செய்யாத வீட்டை நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு ஊர் சாத்தூர். காராச்சேவுக்குப் பெயர் போன ஊர். அம்மா சின்ன வயதில் சேவு கடிக்கும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்று சித்தி சொல்வார். அம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயதில் கீழ் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. நூலைக் கட்டி அவரே இழுத்துப் போட்டார். ஐம்பத்தெட்டுக்குள் வாயில் நான்கே பற்கள். இப்போது பல்செட்டு. ராத்திரி கழற்றி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு வைப்பார். சேவை மிக்ஸியில் பொடித்து மோர்ச்சோற்றில் தூவிச் சாப்பிடுகிறார்.

எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. அம்மாவுக்குச் சொத்தைப் பல்லே கிடையாது. விழுந்த பற்களை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓட்டை இல்லை, கறுப்பு இல்லை, முழுப் பல். பல் நன்றாக இருந்தும் ஏன் விழுந்தது? கேட்டால், "நமக்கு வம்சமே அப்படித்தான். எங்க அம்மாவுக்கும் அம்பதுல போச்சு" என்பார். சுற்றி இருந்த எல்லோரும், "வயசானா விழத்தானே செய்யும்" என்பார்கள். ஐம்பது ஒரு வயதா?

கொய்யாப்பழத்துக்கு மறுநாளே பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். உட்கார வைத்து, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "நீங்களும் பாருங்கக்கா" என்றார். பிறகு ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். ஊசி மாதிரி கூர்மையாக இல்லை, முனை மழுங்கல். ஸ்கேல் மாதிரி மில்லிமீட்டர் கோடுகள் போட்டிருந்தது. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்ல இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகிறது என்று உதவிக்கு இருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டே போனார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். எனக்கு 28 பல், ஆக 168 எண்கள். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, ரெண்டு." அச்சகத்தில் மை அடர்த்தியை மீட்டர் வைத்து அளக்கும்போது நாங்களும் இப்படித்தான் எண்களை ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவோம். அதனால் காது தானாகவே எண்களில் நின்றது. இடது கீழ்க்கடைவாய்க்கு வந்தபோது, "நாலு, மூணு, அஞ்சு" என்றார். அஞ்சு என்ற இடத்தில் ரத்தம் கசிந்து வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். நான் தேய்க்காமல் விட்ட அதே இடம்.

மூன்று வரை இருந்தால் சரி. எல்லோருக்கும் பல்லைச் சுற்றி அவ்வளவு ஆழத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் உண்டு. நான்கு, ஐந்து என்று போனால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து, நடுவில் ஒரு பை உண்டாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பைக்குள் பிரஷ் போகாது. வாய் கொப்பளிக்கும் தண்ணீரும் போகாது.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். பல்லைத் தேய்த்து முடித்த சில மணி நேரத்திலேயே அதன் மேல் கிருமிகள் சேர்ந்து பிசுபிசுப்பாக ஒரு படலம் பிடிக்கத் தொடங்கும். நாக்கால் தடவினால் கொழகொழவென்று தெரியுமே, அதுதான். அப்போதைக்கப்போது தேய்த்து எடுத்துவிட்டால் கதை முடிந்தது. எடுக்காமல் விட்ட இடத்தில் இரண்டு மூன்று நாளில் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, கெட்டிப்படத் தொடங்கிக் காரையாகிவிடும். காரை என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! சுவரில் பூசியது போலவே ஒட்டிக்கொள்கிறது, அதற்குமேல் பிரஷ் எதுவும் செய்ய முடியாது. கீழ் முன்பற்களின் உட்பக்கம்தான் அதிகம் பிடிக்கும். நாக்குக்கு அடியில் எச்சில் ஊறும் வாய்கள் அங்கேதான் இருக்கின்றன.

படலத்தில் இருக்கும் கிருமிகளை எதிர்க்க உடம்பு அங்கே ரத்தத்தை அதிகம் அனுப்புகிறது. ஈறு சிவக்கிறது, உப்புகிறது, லேசாகத் தொட்டாலே கசிகிறது. இது முதல் கட்டம், ஈறு அழற்சி. இந்தக் கட்டத்தில் எலும்பு பாதிக்கப்படவில்லை, சுத்தம் செய்தால் முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால், சிலருக்கு அழற்சி கீழே இறங்கிப் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் நார்களையும் தாடை எலும்பையும் கரைக்கத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக வளராது. அங்கேயே நிறுத்தத்தான் முடியும்.

எனக்கு வாயில் முக்கால்வாசி இடத்தில் முதல் கட்டம். கடைவாயில் இரண்டு பல்லுக்கு நடுவில் மட்டும் இரண்டாவது கட்டத்தின் தொடக்கம். எக்ஸ்ரேயில் காட்டினார். எலும்பின் விளிம்பு மற்ற இடங்களில் நேராகப் போனது, அங்கே மட்டும் சின்னதாகச் சரிந்திருந்தது.

"அப்ப ரத்தம் வர்ற இடத்தைத் தேய்க்காம விட்டது?" என்று கேட்டேன்.

"ரத்தம் வர்ற இடத்துலதாங்கக்கா தேய்க்கணும். மெதுவா, ஆனா விடாம" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு யாராவது ஆடியிலேயே சொல்லியிருந்தால் அந்த அஞ்சு வந்திருக்காது. நம் எல்லோருக்கும் காயம் என்றால் தொடாதே என்றுதான் பழக்கம். முழங்கால் சிராய்ப்புக்கு அது சரி. ஈறில் ரத்தம் பெரும்பாலும் காயத்தால் வருவதில்லை. அழுக்கு நின்றுபோனதால் வருகிறது. பயந்துபோய்த் தேய்க்காமல் விட்டால் அழுக்கு இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும், நாம் இன்னும் பயப்படுவோம்.

இதை வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் 1965-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் பன்னிரண்டு பேருக்குமே ஈறு அழற்சி வந்துவிட்டது. திரும்பத் தேய்க்கச் சொன்னார், ஒரு வாரம் பத்து நாளில் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. ஒருவர்கூடத் தப்பவில்லை, ஒருவருக்குக்கூடத் திரும்பாமல் இல்லை.

அதே மனிதர் பின்னால் செய்த இன்னொரு வேலையைத் தேடிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1970-ல் தொடங்கி, இலங்கை மலையகத்தில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளிகளின் வாயைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லோரும் தமிழர்கள். பல் தேய்க்கும் பழக்கம் இல்லை, பல் டாக்டரைப் பார்க்க வழியும் இல்லை. கவனிக்காமல் விட்டால் ஈறு நோய் தன்போக்கில் எப்படிப் போகும் என்று அறிவதற்கு உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் படிப்பது இந்தத் தொழிலாளிகளின் வாயைத்தான்.

அவர்களுக்குச் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் பற்கள் விழுந்தன. அம்மாவின் கைநிறையப் பற்கள் எனக்கு அங்கேதான் விளங்கின. எல்லோருடைய ஈறும் அழற்சியோடுதான் இருந்தது. ஆனால் நோய் போன வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. நூற்றுக்கு 8 பேருக்கு அது வெகுவேகமாக முற்றியது, 45 வயதில் அவர்கள் வாயில் பல்லே இல்லை. 81 பேருக்கு நடுத்தர வேகம், அதே வயதில் ஏழு பல் போயிருந்தது. மீதி 11 பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது, அதைத் தாண்டிப் போகவே இல்லை.

"எங்க தாத்தா செங்கல்பொடியில தேய்ச்சு எண்பது வயசு வரைக்கும் கரும்பு கடிச்சார்" என்று ஊரில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருப்பார். ஆனால் நாம் எந்தக் கணக்கில் வருகிறோம் என்பது முப்பது வயதில் கண்ணாடியைப் பார்த்தால் தெரியாது. அம்மா சொன்ன வம்சமும் பொய்யில்லை. வேகம் ஓரளவு பிறப்போடு வருகிறது. ஆனால் அழுக்குப் படலம் இல்லாமல் அந்த வேகத்துக்கு வேலை இல்லை. படலம் நம் கையில் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் முப்பது வயசுலயே ரத்தம் வரும்டி. மாசமா இருந்தப்ப ரொம்ப வரும். பிரசவத்துக்கு அப்புறம் நின்னுரும்னாங்க" என்றார். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சீக்கிரம் வீங்குவது உண்மைதான். ஆனால் அப்போதும் ஈறைத் தூண்டுவது அதே படலம்தான். அந்தக் காலத்தில் அம்மாவுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

மலையகத்துக்குப் போனவர்களில் எங்கள் ராமநாதபுரம் சீமைக்காரர்களும் நிறைய. அந்த 480 பேரில் எங்கள் ஊர்க் குடும்பத்துப் பிள்ளை யாராவது இருந்திருப்பாரோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

ஆரம்ப அடையாளங்களைத் தேடி இணையத்தில் படங்கள் பார்த்தால் ஒரு சிக்கல் வருகிறது. என் தொழில் கலர் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே ஆரோக்கியமான ஈறு என்று காட்டுவது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் இளஞ்சிவப்பு ஈறு. நம்மில் பலருக்கு ஈறு இயல்பாகவே மாநிறமாக, சிலருக்கு நல்ல கறுப்பாக இருக்கும். தோலுக்கு நிறம் தரும் அதே பொருள்தான் ஈறுக்கும் தருகிறது. அது நோய் இல்லை. அந்தக் கறுப்பை எடுக்க எந்தப் பொடியும் தேய்க்க வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது விளிம்பை, பல்லைத் தொட்டுக்கொண்டு ஓடும் அரை மில்லிமீட்டர் ஓரத்தை. மற்ற இடமெல்லாம் பழுப்பாக இருந்து, அந்த ஓரம் மட்டும் பளிச்சென்று சிவப்பாகவோ ஊதா கலந்தோ இருந்தால் அது மாற்றம். நல்ல ஈறின் விளிம்பு மெல்லியதாகப் பல்லோடு படிந்திருக்கும், இரண்டு பல்லுக்கு நடுவில் கூராக ஏறும். பலருக்கு அதன் மேல் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். அழற்சி வந்தால் விளிம்பு உருண்டு தடித்துவிடும், புள்ளிகள் மறைந்து வழுவழுவென்று மின்னும். குழல்விளக்கில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள். அச்சுத்தாளை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

இன்னும் சில உண்டு. ஒரே இடுக்கில் புதிதாகக் கீரையோ கறி நாரோ தினமும் மாட்டுவது. காலையில் வாயில் இரும்பு மாதிரி ஒரு ருசி. வாய் நாற்றம், இது நமக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். பல் முன்னைவிட நீளமாகத் தெரிவதும், முன்பல்லுக்கு இடையில் சந்து விழுவதும் தாமதமான அடையாளங்கள். வலியை இந்தப் பட்டியலில் தேடவே வேண்டாம், அது வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஈறு ரத்தம் எல்லாமே அழுக்கால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு திடீரென்று ஈறில் ரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் அம்லோடிபின், வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும்.

டாக்டர் என்னிடம் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா?" அம்மாவுக்கு இருக்கிறது. எனக்கு மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமெடுக்கும், ஈறில் அழற்சி நிற்காமல் இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகும், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்றார். பல்லைக் காட்டப் போய்ச் சர்க்கரையைக் கண்டுபிடித்துவிட்டு வந்தேன். ராத்திரிச் சாப்பாட்டை அன்றே மாற்றினேன்.

சிகிச்சை நான் பயந்த அளவுக்கு எதுவுமில்லை. முதல் நாள் க்ளீனிங். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே அதிரும் ஒரு கருவி, கீச்சென்று சத்தம் போடும். காரையைத் தட்டி உதிர்ப்பது அந்த அதிர்வுதான், பல்லைச் சுரண்டுவதில்லை. முக்கால் மணி நேரம். 1,200 ரூபாய் கொடுத்தேன். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உள்ள இடங்களிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதைவிட மிகக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம், சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி அதற்குப் பெயர் பெற்றது.

டாக்டர் உதிர்த்த துண்டுகளில் ஒன்றைக் காட்டினார். மஞ்சளாக, கிளிஞ்சல் உடைசல் மாதிரி. ஈறுக்கு அடியிலிருந்து எடுத்தது கரும்பச்சையாக இருந்தது. பின்னால் இரண்டு தடவை போய், கடைவாயில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுப் பைக்குள் இறங்கி வேரைச் சுத்தம் செய்துகொண்டேன். மெடிக்கல் கடை மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பது அந்தத் துண்டைப் பார்த்ததும் புரிந்தது. வீக்கத்தை அது கொஞ்ச நாள் அடக்கியது, காரை அப்படியே உள்ளேதான் உட்கார்ந்திருந்தது.

க்ளீனிங் முடிந்த இரவு நாக்கு கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போனபோது சந்து சந்தாகத் தட்டுப்பட்டது. குளிர்ந்த தண்ணீர் ஒரு வாரம் கூசியது. "க்ளீன் பண்ணினா பல் தேஞ்சிரும், ஆட ஆரம்பிச்சிரும்" என்று ஊரில் சொல்வது இதனால்தான். அந்தச் சந்துகள் முன்பே இருந்தவை, காரை அடைத்து வைத்திருந்தது. வீக்கம் வடிந்து ஈறு தன் அளவுக்குச் சுருங்கும்போது பல் கொஞ்சம் வெளியே தெரியும். ரொம்ப முற்றிப்போய்க் காரைதான் பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்றால், அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவரும். ஆட வைத்தது நோய். பழி க்ளீனிங் மேல் விழுந்து, பார்த்தவர்கள் பயந்து, அவர்களும் போகாமல் இருந்துவிடுகிறார்கள். எங்கள் அம்மாவைப் போகவிடாமல் தடுத்ததும் இந்தப் பேச்சுதான்.

இரண்டு வாரத்துக்கு 0.2 சதவீதம் குளோர்ஹெக்சிடின் கொடுத்தார், காலையும் இரவும் ஒரு நிமிடம் கொப்பளிக்க. பேஸ்ட் போட்டுத் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்டில் இருக்கும் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், டீ குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் சொன்ன நாளோடு நிறுத்திவிட்டேன்.

மாறியது தேய்க்கும் விதம்தான். இத்தனை வருடம் பல்லின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழுக்கு இருப்பது ஈறும் பல்லும் சேரும் இடத்தில். மென்மையான பிரஷை 45 டிகிரி சாய்த்து, அதன் மயிர்கள் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, ஓரிடத்திலேயே குட்டியாக அசைக்க வேண்டும். அழுத்தினால் கெடுதல், ஈறு தேய்ந்து கீழே இறங்கும். உட்பக்கத்துக்கும் அதே. இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று கடிகாரம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். இவ்வளவும் செய்தாலும் இரண்டு பல்லுக்கு நடுவில் பிரஷ் போகாது. அதற்கு பாட்டில் கழுவும் பிரஷைச் சுருக்கிச் செய்தது மாதிரி ஒரு சின்ன பிரஷ் மெடிக்கல் கடையில் கிடைக்கிறது. ராத்திரி படுக்கும் முன் ஒவ்வோர் இடுக்காக விட்டு எடுக்கிறேன். சேலைக்குக் குத்தும் ஊக்கை எடுத்துக் குத்தும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

முதல் நான்கு நாள் நுரை முன்பைவிடச் சிவப்பாக இருந்தது. கை நடுங்கியது. டாக்டர் சொன்னதை நம்பித் தேய்த்தேன். ஒன்பதாம் நாள் காலை நுரை வெள்ளை.

சித்திரையில் திரும்பவும் 168 எண்கள் எடுத்தார். அஞ்சு நாலாகியிருந்தது. நாலு மூன்றாகியிருந்தது. அந்த ஒரு நாலு மட்டும் அப்படியே நிற்கிறது, அதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்வருகிறேன்.

என் தம்பி லாரி ஓட்டுகிறான். சிவகாசியிலிருந்து வடநாட்டுக்குக் காலண்டர் லோடு. முப்பத்தாறு வயது, ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. என் கதையைச் சொல்லி வாடா என்றால், "எனக்கு ரத்தமே வராதுக்கா, என் ஈறு கல்லு மாதிரி" என்பான். டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. புகையிலை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், அழற்சி உள்ளே இருந்தும் ரத்தம் வெளியே வராது, புகைப்பவர்களுக்கு எச்சரிக்கை மணியே அடிக்காது, அவரைத்தான் முதலில் கூட்டிவர வேண்டும் என்றார். வைகாசியில் லோடு இல்லாத ஒரு வாரம் பார்த்துக் கூட்டிப்போனேன். அவன் வாயில் எண்கள் ஆறு, ஏழு என்று வந்தன. கண்ணாடியைப் பிடித்திருந்த அவன் கை மெதுவாகக் கீழே இறங்கியது. "அம்மாவுக்கு வந்ததுதானாக்கா இது?" என்று மட்டும் கேட்டான்.

அவனுக்கு வேலை நீளம். வேரைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு, பை குறையாத இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். பீடியை அன்றே விட்டான். அவனைப் பற்றி எனக்கு அதில்தான் பெருமை.

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு நாக்பூர் தாண்டி ஒரு தாபாவிலிருந்து போன் பண்ணினான். குரலில் பயம். "அக்கா, பல் தேய்ச்சேன், ரத்தம் வருது. இதுவரைக்கும் வந்ததே இல்லையே. பீடிய விட்டதுல ஏதாவது ஆயிருச்சா?"

டாக்டர் இதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். புகையை விட்ட சில வாரத்தில் ரத்தக் குழாய்கள் பழைய நிலைக்கு வரும், அதுவரை மறைந்திருந்த ரத்தம் அப்போதுதான் தெரியும் என்று.

"எந்தப் பக்கம்டா?"

"வலது பக்கம், கீழ. அந்தப் பக்கம் நாளையிலிருந்து தொடமாட்டேன்."

"தொடு. அங்கதான் தேய்க்கணும். மெதுவா, ஓரத்துல வச்சு. இப்பவே போய் இன்னொரு தடவை தேய், நான் லைன்ல இருக்கேன்."

தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பிரஷ் சத்தம்.